சிவிலியன் கழிகிறான்

முதல் விசில் ஊதியபோது சித்தாள் கழிவறையில் குந்தியிருந்தாள். இரண்டாவது விசிலுக்கும் குந்தியபடியேதான் இருந்தாள். எழுந்திரு என்று கால்களுக்குச் சொன்னாள். கால்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுவரோரம் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதைப் பிடித்து உடம்பை இழுத்துப் பார்த்தாள். கைகள் பழைய கைகள்தான், பிடித்தால் பிடித்ததுதான். உடம்பு ஒரு சாண் எழும்பியது. அதற்குள் தொடைக்குள் யாரோ கட்டுக்கம்பியைக் குறடு வைத்து முறுக்குவது போல வலித்தது. மறுபடி பொத்தென்று குந்திவிட்டாள். இடுப்புக்குக் கீழே இருந்தது அவளுடைய சதை மாதிரியே இல்லை. மழையில் நனைந்து இறுகிப்போன சிமென்ட் மூட்டை இருக்கிறதே, குத்தினால் குத்தியவன் கைதான் வலிக்கும், அப்படி இருந்தது.

கதவின் கீழ்த்தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது. மேல்தாழ்ப்பாளைத்தான் போட்டிருந்தாள். அது நிற்கிறவள் தலைக்கும் மேலே இருந்தது.

வெளியே காவலர் பயிற்சிப் பள்ளியின் பெண்கள் தங்குகிற பாரக்ஸ் முழுக்க பூட்ஸ் சத்தம். கட்டில் இழுபட்டது, பெட்டி அறைந்து மூடியது, யாரோ யாருடைய பெல்ட்டையோ மாட்டிக்கொண்டு வசவு வாங்கினாள். மூன்றாவது விசிலுக்கு எல்லோரும் மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் நிற்கிற அத்தனை பேரும் தவளை போலத் தாவித்தாவி மைதானத்தைச் சுற்ற வேண்டும்.

சித்தாள் என்பது இங்கே வந்த பிறகு விழுந்த பட்டப்பெயர். வருவதற்கு முன் அவள் வேலையும் அதுதான். அம்மாவின் பின்னாலேயே கட்டட வேலைக்குப் போனவள்; சாரத்தில் ஏறிச் சாந்துச்சட்டி சுமந்துகொண்டே பரீட்சைக்குப் படித்தவள். அம்மாவுக்கு இப்போது கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்போடு திரும்பிப் பார்ப்பாள். "நீயாவது கழுத்து திரும்புற வேலைக்குப் போடி" என்றுதான் மகளை அனுப்பிவைத்தாள். வயது வரம்பு முடிகிற வாசற்படியில், கதவு சாத்துவதற்குள் உள்ளே வந்து விழுந்தவள் சித்தாள். இந்தப் பேட்ச்சை விட்டு இறங்கினால் அடுத்த பேட்ச்சுக்கு அவளுக்கு வயது தாண்டிவிடும்.

எல்லாம் ஒரு சிரிப்பில் தொடங்கியது. வாரத் தொடக்கத்தில், அணிவகுப்பில் நிற்கும்போது குருவி சிரித்துவிட்டாள். குருவி பேட்ச்சிலேயே சின்னவள். அவள் சட்டைக்குள் அவளைத் தேட வேண்டும். முன்னால் நின்றவளின் பேன்ட் பின்பக்கம் பிரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. பயிற்சி ஆசிரியை காரணம் கேட்கவில்லை. விசில் மேடம் என்று அவருக்குப் பெயர். வாயில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு, குறட்டைக்குப் பதில் அதைத்தான் ஊதுவார் என்று பேச்சு. ஊதினார். மொத்தப் பேட்ச்சும் குந்தித் தாவத் தொடங்கியது.

இங்கே எல்லாம் ஜோடிக் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஜோடி. ஓட்டத்துக்கு ஜோடிக்கு ஒரு மணல்மூட்டை, இருவரும் மாற்றி மாற்றிச் சுமக்க வேண்டும். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் பங்கையும் மற்றவள்தான் முடிக்க வேண்டும். சித்தாளின் ஜோடி டீச்சர். ஆசிரியர் படிப்பு முடித்து, பள்ளிக்கூட வேலைக்கு அலைந்து சலித்து இங்கே வந்தவள். அவள் கணுக்கால் முன்பே வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. அதனால் டீச்சர் ஓரமாக நின்றாள். சித்தாள் இருவருக்கும் சேர்த்துத் தாவினாள்.

தன் பங்கை முடித்தவர்கள் புழுதியிலேயே மல்லாந்து கிடக்க, வெயிலில் அவள் மட்டும் மறுபடி தொடங்கினாள். அதட்டியிருந்தால் ஒருவேளை பாதியில் சாய்ந்திருப்பாள். விசில் மேடம் அதட்டவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாருங்கடி, இதுதான் உடம்பு. உங்களோடதெல்லாம் சட்டை மாட்டுற ஆணி" என்றார். கொத்தனார்கள் இத்தனை வருடத்தில் அவளிடம் பேசியதெல்லாம் 'சாந்து கொண்டா', 'சீக்கிரம் வா' இரண்டுதான். உடம்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவளை யார் நிறுத்த முடியும்? தளம் போடுகிற அன்றைக்குக் கலவை எந்திரம் சுற்றத் தொடங்கிவிட்டால் கடைசிச் சட்டி ஏறுகிறவரை யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் தளத்தில் விரிசல் விழும். அவள் உடம்புக்குப் பழக்கமே அதுதான்.

மறுநாள் காலை பேன்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. அவள் பயப்படவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவளுக்கு மறுநாள் உடம்பு முறிந்து கிடக்கும். படுத்தால் போச்சு. முதல் நாளைவிடக் கூடுதலாகச் சுமந்தால் மத்தியானத்துக்குள் இறுக்கம் இளகிவிடும். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது. எனவே ஓட்டம் முடிந்து மற்றவர்கள் படுத்துக் கிடந்த நேரத்தில் அவள் பாரக்ஸின் பின்பக்கம் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, குந்தி எழுந்து குந்தி எழுந்து தொடையை இளக்கப் பார்த்தாள். அது இளகவில்லை. கம்பவுண்டர் எல்லோருக்கும் கொடுக்கிற அதே வெள்ளை வலி மாத்திரையைக் கொடுத்தார். அவரிடம் வேறு மாத்திரை இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம்தான் சிறுநீர் கறுப்பாகப் போனது. பால் ஊற்றாத கடுங்காப்பி நிறம். வெளியே வந்து டீச்சரின் காதில் சொன்னாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பக்கத்துக் கட்டில்காரிக்குப் பாம்புக் காது.

"ஏய், சித்தாளுக்கு காப்பி இறங்கிடுச்சுடி."

பாரக்ஸ் முழுக்கக் கை தட்டியது. யாரோ தட்டை எடுத்து அடித்தாள். இங்கே அது நல்ல சேதி. பேட்ச்சுக்குப் பேட்ச் வழிவழியாக வரும் நம்பிக்கை: உள்ளே இருக்கிற சிவிலியன், அந்தச் சாதாரண ஆள், கழிகிறான், இனிமேல் மிச்சம் இருப்பது போலீஸ். விசில் மேடமே வந்து கட்டிலருகில் நின்றார்.

"கறுப்பா போச்சா?"

"ஆமா மேடம்."

"வெட்கப்படாதே. எனக்கும் போச்சு. எங்க காலத்துல கறுப்பா போகலன்னா துப்பாக்கியையே கையில தரமாட்டாங்க. தண்ணி குடி, சரியாப் போயிடும்."

அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். கனிவாகக்கூடச் சொன்னார்.

நேற்று குருவிக்கும் போனது. அவள் துள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, எனக்கும்" என்றாள். துள்ளியவள் கட்டிலில் உட்காரும்போது இரண்டு கையாலும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டதைச் சித்தாள் பார்த்தாள். பார்த்தும் கை தட்டினாள்.

"அக்கா, உள்ளயா இருக்கே?" கதவுக்கு வெளியே டீச்சரின் குரல்.

"இருக்கேன்."

"மூணாவது ஊதப்போறாங்க. உள்ள என்ன குடும்பமா நடத்தறே?"

"எழுந்திரிக்க முடியல."

"முடியலன்னா?"

"முடியலன்னா முடியல. இதுல என்ன டீச்சர் விளக்கம் கேக்குறே?"

டீச்சர் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "தாழ்ப்பாளைத் திற அக்கா. நான் தூக்கி விடறேன்."

"தாழ்ப்பாள் மேல இருக்கு. நான் கீழ இருக்கேன்."

டீச்சர் கதவைத் தோளால் இடித்தாள். இரும்புத் தகடு போட்ட கதவு, ஒட்டடைதான் உதிர்ந்தது. "நான் போய் மேடத்துகிட்ட சொல்றேன்."

"சொல்லு. உடனே படுக்கையில போடுவாங்க. பேட்ச்ல இருந்து இறக்குவாங்க. நான் மறுபடி சட்டி தூக்கப் போறேன். நீ என்ன பண்ணுவே? ரெண்டு பங்கும் நீதான் ஓடணும், அந்தக் காலை வச்சுக்கிட்டு. எனக்குப் பின்னாடியே நீயும் பெட்டியைத் தூக்கிட்டு வந்து சேருவே."

கதவில் சாய்ந்திருந்த டீச்சர் விலகுவது கேட்டது. இதை அவள் முன்பே யோசித்திருந்தாள் என்பது அதிலேயே தெரிந்தது.

"ஜோடி சரின்னு சொல்லிடு" என்றாள் சித்தாள். "இன்னும் இருட்டுதான். இவங்க ஆளையா எண்றாங்க, மூட்டையைத்தானே எண்றாங்க. வரிசை நகர்றதுக்குள்ள பின்னாடி வந்து சேந்துக்கறேன்."

"வந்துடுவியாக்கா?"

"வராம எங்கடி போகப்போறேன்?"

"மூட்டையை நான் எடுத்துக்கறேன்" என்றாள் டீச்சர். இத்தனை நாளும் அந்த மூட்டையை டீச்சர் பங்குக்கும் சேர்த்துச் சுமந்தவள் சித்தாள். டீச்சரின் பூட்ஸ்கள், ஒன்று அழுத்தி ஒன்று அழுத்தாமல், வராந்தாவில் ஓடி மறைந்தன.

மூன்றாவது விசில். கழிவறையின் உச்சியில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக மைதானம் முழுவதும் காதில் விழுந்தது. ஜோடி சரி மேடம். ஜோடி சரி மேடம். வரிசையாக வந்துகொண்டே இருந்து, நடுவில் ஒரு குரல் வகுப்பறையில் வருகை சொல்வது போலத் திருத்தமாக, "ஜோடி சரி, மேடம்" என்றது. அப்படி ஒரு பொய்க்காகப் போன மாதம் ஒருத்தியை அன்றைக்கே பெட்டி கட்டச் சொல்லி வாசலில் விட்டார்கள். சித்தாளுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்கும்போது வரவில்லை.

வரிசை நகரத் தொடங்கியது. மலைப் பாதை ஓட்டம். போனால் வெயில் சுட்ட பிறகுதான் திரும்புவார்கள். பூட்ஸ் சத்தம் தேய்ந்து ஓய்ந்த பிறகு இன்னொரு சத்தம் வந்தது. முன்வாசல் கம்பிக் கதவை யாரோ இழுத்தார்கள், சங்கிலி உரசியது, பூட்டு விழுந்தது. பேட்ச் வெளியே போனால் பாரக்ஸைப் பூட்டுவது வழக்கம். திருட்டுப் பயம். போலீஸ்காரர்கள் தங்குமிடத்தில் திருடனுக்கு என்ன வேலை என்று கேட்டால், திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டுமா என்று சாவிக்காரர் கேட்பார்.

அவள் இப்போது இரண்டு கதவுக்கு உள்ளே இருந்தாள். இங்கே இல்லவே இல்லாதவளாகவும் ஆகிவிட்டாள்.

கழிவறை கழுவுகிற பிரஷ்ஷுக்கு நீளமான மரக்காம்பு. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து அதை எட்டி எடுத்தாள். ஈரத் தரையில் படுத்தபடியே மேல்தாழ்ப்பாளைக் குத்தினாள். தாழ்ப்பாள் நகராமல் அவள் மேலேயே துரு கொட்டியது. கையில் இருந்த பலத்துக்கும் குறிக்கும் சம்பந்தமே இல்லை, காம்பு நடுங்கியது. குத்திக்குத்தி அது விலகியபோது கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் அப்படியே கிடந்து மூச்சு வாங்கினாள். பிறகு குமட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் ஒன்றுமில்லை, பச்சையாக ஏதோ வந்தது.

முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். சாரத்தில் தவழ்ந்து போயிருக்கிறாள், அப்போதெல்லாம் கால்கள் கூட வந்தன. இப்போது அவற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. வராந்தா முடிகிற இடத்தில் இரண்டு வழி. இடப்பக்கம் திரும்பினால் அவள் கட்டில். ஏறிப் போர்த்திக்கொண்டு கிடந்தால், அவர்கள் திரும்பும்போது டீச்சர் வந்து ஏதாவது செய்வாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வலப்பக்கம் முன்வாசல் கம்பிக் கதவு.

இடப்பக்கம்தான் போனாள். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அதன் கீழேயே கிடந்தாள். மேலே ஏற முடியவில்லை. தாகம் எடுத்தது. பானையிலிருந்து குவளையில் எட்டியவரை மொண்டு குடித்தாள், குடித்ததை வாந்தி எடுத்தாள். விரல் நுனிகள் மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு சீராக அடித்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு அடியை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு இரண்டைச் சேர்த்து அடித்தது. படி தவறி ஏறுகிறவன் மாதிரி.

இரவு முழுக்கக் கறுப்பாகக்கூட ஒன்றும் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. காலையில் கழிவறைக்கு அதற்காகத்தான் போனாள். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள், ஒரு சொட்டு வரவில்லை. சிவிலியன் கழிந்து முடிந்துவிட்டான் என்றால் இப்போது போலீஸாக எழுந்து நிற்க வேண்டும் அல்லவா. அவள் கிடந்தது ஒரு பழைய துணி கிடக்கிற மாதிரி. சாரத்தில் நிற்கும்போது பலகை பெயர்ந்தால் விழுவதற்கு முன்னாலேயே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அந்த மாதிரி அவளுக்குத் தெரிந்தது. இது சூடு இல்லை, பிடிப்பு இல்லை. இங்கேயே கிடந்தால் செத்துப்போவோம்.

குவளையை விடாமல் பிடித்தபடியே மறுபடி முழங்கையை ஊன்றினாள். கம்பிக் கதவுவரை போய்ச் சேர்ந்தபோது வெளியே நன்றாக வெளிச்சம். சமையல்காரர் காய்கறிக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்தபடி நாலு எட்டு தூரத்தில் நடந்து போனார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரம். வாயைத் திறந்தாள். 'ஜோடி சரி' என்று காலையில் கேட்ட திருத்தமான குரல் காதில் இருந்தது. டீச்சர் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா தயாராக வைத்திருக்கிற மாப்பிள்ளைக்கு டீச்சரின் சித்தப்பா வயது. வாயை மூடிக்கொண்டாள். சமையல்காரர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வெகுநேரம் யாருமே வரவில்லை. கம்பிக்கு வெளியே ஒரு நாய் வந்து பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று போனது. நெஞ்சு மறுபடி ஓர் அடியை விட்டது. இந்த முறை அடுத்த அடிக்காக அவள் காத்திருந்தாள். காத்திருந்ததுதான் அவளை உலுக்கியது. கையிலிருந்த குவளையை எடுத்துக் கம்பியில் அடித்தாள். டீச்சரை நினைத்துக்கொண்டேதான் அடித்தாள். நினைத்ததற்காகக் கை நிற்கவில்லை.

சாவிக்காரர் வந்தார். ஓய்வுபெறப்போகிற வயது, இடுப்பில் சாவிக்கொத்து.

"யாரது உள்ள?"

"நான்தான்யா, சித்தாள்."

"நீ மலைல இருக்கே."

"இல்லங்கய்யா. இங்க இருக்கேன்."

"அதெப்படி? எண்ணிக்கை சரின்னு சொன்ன பிறகுதானே நான் பூட்டினேன்."

"எண்ணிக்கை சரிதான்யா. நான்தான் இல்ல."

அவர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார், மறுபடி இடுப்பிலேயே விட்டார். "இப்ப நான் திறந்தா, உள்ள ஆளை வச்சுப் பூட்டினேன்னு ஆகும். ஓய்வு பெறப்போற நேரத்துல எனக்கு இது தேவையா? மேடம் வரட்டும்."

"ஐயா, என் காலைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். பேன்ட் துணி தையலோரம் தெறித்திருந்தது, உள்ளே சதை பளபளவென்று இறுகி நின்றது. சாவிக்கொத்தில் சரியான சாவி கிடைக்க அவருக்கு நேரமானது. கண்டதையெல்லாம் பூட்டில் விட்டு, "சனியனே, சனியனே" என்று சாவிகளைத் திட்டினார்.

கம்பவுண்டர் தூக்கக் கலக்கத்தோடு மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். தொடையில் விரலை வைத்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை. "ஜீப்பை எடுக்கச் சொல்லு" என்றார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு."

ஜீப்பின் பின்னிருக்கையில் அவளைக் கிடத்தினார்கள். சாவிக்காரர் கூடவே ஏறிக்கொண்டார். மைய வாசலைத் தாண்டி மலைப் பாதை வந்து சேர்கிற திருப்பத்தில் ஜீப் நின்றுவிட்டது. எதிரே பேட்ச் ஓடி வந்துகொண்டிருந்தது. பேட்ச் வந்தால் எந்த வண்டியும் ஒதுங்கி நிற்க வேண்டும். முன்னால் விசில் மேடம். ஜீப்பைப் பார்த்ததும் கையைத் தூக்கி வரிசையை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"யாரு உள்ள?"

"உங்க ஆளுதான் மேடம்" என்றார் சாவிக்காரர். "காலைல இருந்து பாரக்ஸ்லயே கிடந்திருக்கா."

விசில் மேடம் திரும்பி வரிசையைப் பார்த்தார். மூட்டைகள் சரியாக இருந்தன. டீச்சர் மூட்டையோடு நேராகப் பார்த்தபடி நின்றாள். கட்டுப் போட்ட கால் தரையில் படாமல் இருந்தது. ஜீப் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. விசில் மேடத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. அந்த எண்ணிக்கையைச் சரி என்று மேலே சொன்னவர் அவர்.

ஜீப்புக்குள் தலையை நீட்டினார். முதல்முறையாக விசில் இல்லாத வாயை அவ்வளவு அருகில் சித்தாள் பார்த்தாள். சாதாரண வாய்தான், உதடு வெடித்திருந்தது.

"இங்க பாரு. நீ ஓட்டத்துல விழுந்தே. இன்னிக்கு, என் கண்ணு முன்னாடி. நான்தான் ஜீப்பை வரச் சொன்னேன். புரியுதா?"

சித்தாள் அந்த வெடித்த உதட்டையே பார்த்தாள்.

"முன்னாடியே உடம்பு சரியில்லாம மறைச்சேன்னு வந்தா உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. பொய் சொன்னதுக்கு உன் ஜோடியும் போவா. ஓட்டத்துல விழுந்தா டியூட்டியில அடிபட்டது. வயசு பாக்க மாட்டாங்க, அடுத்த பேட்ச்ல உக்காத்தி வைப்பாங்க. நான் பேசறேன். உன்னை மாதிரி உடம்பு எனக்கு வேணும்." சாவிக்காரரிடம் திரும்பினார். "நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் மேடம். ஓட்டத்துல விழுந்தா."

ஒரே வார்த்தையில் எல்லோருக்கும் வழி திறந்திருந்தது. டீச்சருக்கு, சாவிக்காரருக்கு, விசில் மேடத்துக்கு. அவளுக்கும்கூட. அவள் தலையை ஆட்டினாள். ஜீப் நகர்ந்தது.

வரிசையின் ஓரமாகவே போக வேண்டியிருந்தது. கடைசியில் குருவி நின்றாள். நின்றாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய ஜோடி பின்னாலிருந்து அவள் பெல்ட்டை மடக்கிப் பிடித்து நிறுத்தியிருந்தாள். இங்கே அதுவும் ஒரு முறை. விழப்போகிறவளை விழ விடாமல் பெல்ட்டைப் பிடித்தே ஓட்டிக்கொண்டு வருவது. நல்ல ஜோடி அப்படித்தான் செய்வாள். குருவி சித்தாளைப் பார்த்துச் சிரித்தாள். கால்களைப் பொம்மைக்கால் போல அகட்டி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுப் பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவள். தொடையை அழுத்தினாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டச் சொன்னாள். பெட்டியில் ஓடிய கோட்டைப் பார்த்ததும் நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னாள். இரண்டு கையிலும் ஊசி ஏறியது.

"என்ன ஆச்சு?"

"ஓட்டத்துல விழுந்துடுச்சு டாக்டர்" என்றார் சாவிக்காரர். "இன்னிக்குக் காலைல."

"உங்களைக் கேக்கல." டாக்டர் சித்தாளிடம் குனிந்தாள். "விழுந்ததுல தொடை இப்படி ஆகாதும்மா. சதை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. சிறுநீரகம் அடைச்சுக்கும். ஒழுங்கா சொல்லு, யூரின் எப்போலேருந்து கறுப்பா போகுது?"

சாவிக்காரர் சாவிக்கொத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர், திரை, அவர் முகம், மூன்றும் ஒரே நிறமாக இருந்தன. சித்தாள் வாயைத் திறந்தாள். ஓட்டத்தில் விழுந்தேன் என்பது தயாராக நாக்கில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் டீச்சர் நாளைக்கும் வரிசையில் நிற்பாள். குருவியும் நிற்பாள், பெல்ட்டைப் பிடித்தவள் கையில் பலம் இருக்கிறவரை.

"முந்தாநாள் சாயங்காலத்துலேருந்து" என்றாள்.

"ஏம்மா..." என்றார் சாவிக்காரர்.

"நேத்து ராத்திரியிலேருந்து அதுவும் வரல. ஓட்டத்துல விழல. நான் ஓட்டத்துக்கே போகல. கழிவறையில கிடந்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "உங்க கூட வேற யாருக்காவது இப்படிப் போகுதா?"

"குருவிக்குப் போகுது. நேத்துலேருந்து. இன்னிக்கும் ஓட வச்சிருக்காங்க."

"யார்கிட்டயாவது சொன்னாளா?"

"எல்லார்கிட்டயும் சொன்னா" என்றாள் சித்தாள். "நாங்க கை தட்டினோம்."

"எதுக்கு?"

சித்தாள் சொன்னாள். சிவிலியன் கழிகிறான் என்று சொல்லி முடித்தபோது நர்ஸ் ஊசியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சாவிக்காரரைப் பார்த்து, போன் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணை ஓட்டத்துலேருந்து நிறுத்தச் சொல்லுங்க. உடனே. நடக்கக்கூட விடக் கூடாது, தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

"நான் சொன்னா மேடம் கேக்கமாட்டாங்க டாக்டர்."

"அப்ப டயல் பண்ணி என் கையில குடுங்க."

அவர் போனார். சாவிகள் நடைபாதை நெடுக ஒலித்துக்கொண்டே போயின. சித்தாள் கண்ணை மூடவில்லை. மூடினால் டீச்சர் வந்து நிற்பாள் என்று பயமாக இருந்தது. டீச்சரின் பெட்டி கனமானது, பாதிக்கு மேல் புத்தகம். அந்தக் காலோடு அதை வாசல்வரை அவளே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நர்ஸ் குனிந்து, "காலை அசைக்காதீங்க" என்றாள்.

"அசையலம்மா" என்றாள் சித்தாள்.